ராணிப்பேட்டை குதிரைப்படை முகாம்: 1806-ல் வேலூருக்குப் போன படை எது?

வாலாஜாக்காரன் கேட்டது:

எங்கள் ஊர்ப் பள்ளி மலருக்காக ராணிப்பேட்டையில் இருந்த குதிரைப்படை முகாமைப் பற்றி நாலு பக்கம் எழுத வேண்டும். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. பழைய ஆவணங்களில் எல்லாம் "ஆற்காடு" என்றே இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் எல்லாமே ராணிப்பேட்டையில்தான் இருந்தது என்கிறார்கள். எது சரி?

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் செய்த கலகத்தை அடக்க இங்கிருந்து போனது "7வது குதிரைப்படை", அதுதான் இன்றைக்கு இந்திய ராணுவத்தில் டாங்கி ஓட்டும் 7 கேவல்ரி என்று ஒரு வாட்ஸப் பதிவு சுற்றுகிறது. அதே பதிவில், இங்கிருந்த படையின் தளபதி கில்லெஸ்பி முக்கால் மணி நேரத்தில் நாலுகால் பாய்ச்சலில் போய்ச் சேர்ந்தார் என்றும் போட்டிருக்கிறார்கள். 25 கிலோமீட்டரை முக்கால் மணியிலா? இடிக்கிறது.

குதிரைகளை இங்கே எப்படிக் கட்டி வைத்தார்கள், என்ன தீனி, எத்தனை ஆள் என்ற விவரம் இருந்தாலும் சொல்லுங்கள். படைப்பிரிவு எண்களைவிடப் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

பாலாற்று மணல்:

இரண்டு பேரும் சொல்வது சரி. ஆற்காடு ஊரும் நவாபின் பழைய கோட்டையும் பாலாற்றின் தென்கரையில். டெல்லி கேட் இன்றும் நிற்பது அங்கேதான். படை தங்கியது வடகரையில், அதாவது ராணிப்பேட்டையில். ஆனால் ராணுவக் கடிதப் போக்குவரத்தில் ஊர்ப்பெயர் "ஆற்காடு" என்றே எழுதப்பட்டது. ரயில்வேயும் இதே வேலையைச் செய்தது: 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வந்த முதல் ரயில் நின்றது உங்கள் வாலாஜா ரோட்டில்தான், அதையும் அப்போது "ஆற்காடு" என்றே குறித்தார்கள். எனவே ஆவணத்தில் ஆற்காடு கன்டோன்மென்ட் (படை முகாம்) என்று கண்டால் ராணிப்பேட்டை என்று படித்துக்கொள்ளுங்கள்.

முகாம் ஏன் இங்கே வந்தது என்பதை மலரில் ஒரு பத்தியாவது சொல்ல வேண்டும். 1780-ல் மைசூரின் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் (அன்று ஆற்காடு நவாபின் சீமைக்கு அந்தப் பெயர், இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) இறங்கியபோது கிழக்கிந்தியக் கம்பெனியிடம் காலாட்படையும் பீரங்கியும் இருந்தன, குதிரைப்படை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை. மைசூர்க் குதிரைகள் ஊர்களைக் கொளுத்தித் தீனியை அழித்துவிட்டுப் போய்விடும், காலாட்படை பின்னால் நடந்துகொண்டிருக்கும். செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை சிக்கி அழிந்தது. அதற்குப் பிறகுதான் இங்கிலாந்திலிருந்து ஒரு குதிரைப்படை ரெஜிமென்ட் (படைப்பிரிவு) வந்தது. 1781-ல் 23வது லைட் டிராகூன்ஸ் (இலகு குதிரைப்படை) என்ற பெயரில் திரட்டப்பட்டு, 1782-ல் மதராசில் இறங்கி, 1786-ல் 19வது என்று எண் மாறியது. இந்தியாவுக்கு வந்த முதல் பிரிட்டிஷ் குதிரைப்படை ரெஜிமென்ட் இது.

உள்நாட்டுக் குதிரைப்படையின் வேர் வேறு. அது ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் குதிரைப்படை. நவாபிடம் பணம் இல்லை, சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. கம்பெனி அந்த ரெஜிமென்ட்களைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டபோது பாக்கியும் கூடவே வந்தது. 1784-ல் ஆரணியில் கலகமே வெடித்தது, காரணம் அந்தச் சம்பள பாக்கிதான். மதராஸ் குதிரைப்படையின் கதையில் எங்கே கை வைத்தாலும் சம்பளத்தில்தான் போய் முட்டும்.

இப்போது உங்கள் "7வது". 1806-ல் வேலூருக்குப் போனவை இரண்டு: பிரிட்டிஷ் அரசரின் 19வது லைட் டிராகூன்ஸ், கம்பெனியின் 7வது நேட்டிவ் கேவல்ரி (உள்நாட்டுக் குதிரைப்படை). இந்த 7-க்கும் இன்றைய 7 கேவல்ரிக்கும் எண் ஒற்றுமையைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை. பழைய 7வது, 1857-க்குப் பிறகு படையைக் குறைத்தபோது கலைக்கப்பட்டுவிட்டது. மிஞ்சியவற்றில் மூன்றுக்குத்தான் இன்றுவரை வாரிசு உண்டு. மதராஸ் 1வது ரெஜிமென்ட் 1903-ல் 26வது ஆனது. 2வது 27 ஆனது, 3வது 28 ஆனது. 1922 வாக்கில் நடந்த மறுசீரமைப்பில் 26வது, 30வது லான்சர்ஸோடு சேர்ந்து 8வது லைட் கேவல்ரி ஆயிற்று. 27வது தனியாகவே 16வது ஆயிற்று. 28வது தனியாகவே 7வது ஆயிற்று. ஆக, இன்றைய 7 கேவல்ரியின் மூதாதை 1806-ல் மதராஸ் 3வது ரெஜிமென்ட். வாட்ஸப் பதிவு போட்டவர் எண்ணை மட்டும் பார்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

19-லும் இதே பொறி இருக்கிறது. வேலூருக்குப் போன 19வது, தாயகம் திரும்பி 1821-ல் கலைக்கப்பட்டது. பிற்காலத்து 19வது ஹுஸ்ஸார்ஸ் வேறு படை, பழைய 19வது சண்டையிட்ட 1803 அசாயே போரின் விருதை மட்டும் பிறகு வாங்கி வைத்துக்கொண்டது.

லாயம்:

முக்கால் மணி நேரக் கதைக்குக் கணக்கே போதும். குதிரையின் சாதாரண நடை மணிக்குச் சுமார் 6 கி.மீ. ட்ராட் என்ற ஓட்டநடை சுமார் 13. நாலுகால் பாய்ச்சலில் 40-ஐத் தாண்டும், ஆனால் அது சில கிலோமீட்டருக்குத்தான். ஆள், சேணம், வாள், துப்பாக்கி, உருட்டிக் கட்டிய கம்பளி எல்லாம் சேர்த்து முதுகில் 110 கிலோவுக்கு மேல். அந்தச் சுமையோடு 25 கி.மீ. பாய்ந்தால் பாதிக் குதிரைகள் வழியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும், வந்து சேர்ந்ததும் சண்டைக்கு உதவாது.

பதிவான நேரம் என்ன? விடியற்காலை 2, 3 மணிக்குக் கோட்டைக்குள் கலகம். கோட்டைக்கு வெளியே இருந்த மேஜர் கோட்ஸிடமிருந்து ஆற்காட்டுக்குச் செய்தி வரும்போது சுமார் 6 மணி. கில்லெஸ்பி கையில் கிடைத்த 19வதின் ஒரு ஸ்குவாட்ரனோடும் (ரெஜிமென்டின் ஒரு பகுதி) 7வதின் ஒரு பகுதியோடும் உடனே கிளம்பினார், மீதிப் பேரைப் பின்னால் வரச் சொன்னார். 8-க்கும் 9-க்கும் இடையில் வேலூர். இரண்டு, இரண்டரை மணி நேரம். ஓட்டநடை, நடுநடுவே நடை, கடைசியில் கொஞ்சம் வேகம் என்று வைத்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஜூலையில் பாலாறு வெறும் மணல். அதைத் தாண்டும் இடத்தில் நடையைத் தவிர வேறு எதுவும் நடக்காது, குளம்பு கணுக்கால் வரை புதையும்.

போய்ச் சேர்ந்ததோடு வேலை முடியவில்லை என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மதிலுக்கு முன்னால் குதிரைப்படையால் ஒன்றும் செய்ய முடியாது. வேலூர்க் கோட்டையின் நுழைவழி அகழிக்கு மேல் திரும்பித் திரும்பிப் போகும், அடுத்தடுத்து வாசல்கள். வெளிவாசல்கள் திறந்து கிடந்தன, உள்ளே சாத்தியிருந்தது. வாசலுக்கு மேல் மதிலில், கோட்டையில் இருந்த பிரிட்டிஷ் காலாட்படையான 69வது ரெஜிமென்டின் மிச்சம் மீதி ஆட்கள் சார்ஜென்ட் பிராடியின் கீழ் தோட்டா தீர்ந்த நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இடுப்பு வார்களை முடிச்சுப் போட்டு இறக்க, கில்லெஸ்பி அதைப் பிடித்து ஏறினார். குதிரைகள் வெளியேதான் நின்றன. பின்னால் வந்த "கேலப்பர்" பீரங்கிகள் 10 மணி வாக்கில் வந்து வாசலைத் தகர்த்த பிறகுதான் குதிரைப்படை உள்ளே போனது.

கேலப்பர் என்றால் இலகு பீரங்கி. சாதாரணப் பீரங்கிக்கு முன்வண்டி வேண்டும், அதை அவிழ்த்து, திருப்பி, பிறகுதான் சுடலாம். கேலப்பரில் பீரங்கி வண்டிக்கே இரண்டு ஏர்க்கால்கள், குதிரையை நேரே அதில் பூட்டலாம். குதிரைப்படையோடு கூடவே ஓட வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஆனாலும் சக்கரம் சக்கரம்தான். ஆற்று மணலில் அது பின்தங்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

அதற்குப் பிறகு உள்ளே நடந்தது போர் அல்ல, படுகொலை. சரணடைந்தவர்களையும் பிடிபட்டவர்களையும் சுவரோரம் நிற்க வைத்துச் சுட்டார்கள். பள்ளி மலரில் கில்லெஸ்பியை வீரர் என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். புதிய தலைப்பாகை உத்தரவு, மீசை தாடிக் கட்டுப்பாடு, நெற்றிக் குறிக்குத் தடை என்று கலகத்துக்கு இருந்த காரணங்களையும் சேர்த்து எழுதுங்கள். கவர்னர் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டது அதனால்தான்.

கொள்ளுக்கலயம்:

தீனி பற்றி நான் சொல்கிறேன். வடக்கே குதிரைக்குக் கொண்டைக்கடலை, நம் பக்கம் கொள்ளு. மதராஸ் மாகாணம் முழுக்க வேகவைத்த கொள்ளுதான் குதிரைத் தீனி.

கொள்ளை அப்படியே போட்டால் இரண்டு சிக்கல். தோல் தடிப்பு, மெல்லாமல் விழுங்கியது சாணத்தில் முழுசாகவே வந்துவிடும். வயிற்றுக்குள் ஊறிப் பருத்தால் சூலை நோய் (கடும் வயிற்று வலி) வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பதால் சூலை என்றால் உயிருக்கே ஆபத்து. பச்சைக் கொள்ளில் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் உண்டு, வேகவைத்தால்தான் போகும். ஆகவே ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவைத்து, ஆறவிட்டு, உப்புச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நம் வெயிலில் காலையில் வெந்தது மாலைக்குள் புளித்துவிடும், புளித்ததைக் கொடுத்தாலும் வயிற்று வலி. அதனால் வேளைக்கு வேளை அடுப்பு. தண்ணீரைத் தீனிக்கு முன் காட்டு, பின் காட்டாதே என்பது லாயத்துப் பழைய விதி.

புல்லுக்கு அருகு. அறுப்பதில்லை, சிறு கொத்தால் செதுக்கி வேரோடு எடுப்பது. வெயில் காலத்தில் சத்து இருப்பது தரையோடு படர்ந்த அந்தத் தண்டில்தான். மண்ணை உதறி, ஆற்றிலோ குளத்திலோ அலசிக் கட்ட வேண்டும். அலசாமல் போட்டால் மணல் குடலில் படிந்துகொண்டே வரும். இதற்கு எளிய சோதனை இருக்கிறது: ஒரு கைப்பிடி சாணத்தைத் தண்ணீர்ச் சொம்பில் போட்டுக் கலக்கிச் சற்று நேரம் வையுங்கள். நார் மிதக்கும், அடியில் மணல் படிந்தால் புல்லுக்காரர் அலசவில்லை என்று அர்த்தம்.

ஆள் கணக்கு: குதிரைக்கு ஒரு குதிரைக்காரர், ஒரு புல்லுக்காரர் என்பது மாகாணத்தில் குதிரை வைத்திருந்தோரின் பொது வழக்கம். புல்லுக்காரர் பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவிதான். படைப் பட்டியல்களில் அந்தப் பெண்களின் பெயர் வராது, ஆனால் அவர்கள் ஒருநாள் போகாவிட்டால் லாயம் பட்டினி.

அளவு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு ரெஜிமென்டுக்கு 400 குதிரை என்று வைத்துக்கொள்வோம். குதிரைக்கு நாளைக்கு 4 கிலோ கொள்ளு, 15 கிலோ பச்சைப்புல், 30 லிட்டர் தண்ணீர். மொத்தம் 1,600 கிலோ கொள்ளு, 6 டன் புல், 12,000 லிட்டர் தண்ணீர். இது ஒரே நாளுக்கு. ஆற்றங்கரையை விட்டு முகாம் ஏன் நகரவில்லை என்பது அவர்களுக்கே புரிந்துவிடும்.

வாலாஜாக்காரன்:

மூன்று பேருக்கும் நன்றி. சாணச் சோதனை மலரில் கட்டாயம் உண்டு! இரண்டு சந்தேகம். இந்தக் குதிரைகள் எங்கிருந்து வந்தன, உள்ளூர்த் தட்டுவாணிக் குதிரைகளா? 1857-ல் ஒரு ரெஜிமென்டை இங்கே கொண்டுவந்து கலைத்தார்கள் என்று ஒரு வரி கண்ணில் பட்டது, அது என்ன?

கொள்ளுக்கலயம்:

உள்ளூர் மட்டக் குதிரை 110 கிலோவைத் தாங்காது. முதலில் பாரசீக வளைகுடாக் குதிரைகளும் கத்தியவார்க் குதிரைகளும். ஓசூர் பக்கம் மத்திகிரியில் கம்பெனி 1824-ல் ஒரு குதிரைப் பண்ணை வைத்தது, இப்போதைய அரசு கால்நடைப் பண்ணை அதுதான். பிறகு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பல் கப்பலாக வந்தன, அந்த வேல்ஸிலிருந்துதான் "வேலர்" என்ற பெயர். மதராசில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நிற்கும், குதிரையை வாரில் கட்டிக் கடலில் இறக்குவார்கள், மசூலாப் படகும் கட்டுமரமும் பக்கத்தில் வர, அலையில் நீந்திக் கரையேற வேண்டும்.

வந்த குதிரையை உடனே அணியில் நிறுத்த முடியாது. மாதக்கணக்கில் கப்பலில் நின்றதில் தசை கரைந்திருக்கும், முதுகெலும்புக்கும் தோளுக்கும் இடையே சேணம் இறங்கி உரசும். முதலில் தீனி போட்டுத் தேற்றுவது, பிறகு நீளக் கயிற்றில் வட்டமாக ஓட்டுவது, பிறகு சேணம் மட்டும், அதன் பிறகே ஆள். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்குவது கடைசியில், அதுவும் தீனி தின்னும் நேரத்தில் தொலைவில் சுட்டு, நாளுக்கு நாள் கிட்டே கொண்டுவருவது. அவசரப்பட்டுச் சேணத்தைப் பூட்டினால் முதுகில் புண் வரும். ஒரு புண் ஆற வாரக்கணக்கு, அதுவரை அந்த ஆளும் காலாள்தான்.

பாலாற்று மணல்:

1857-ல் கலைந்தது 8வது மதராஸ் லைட் கேவல்ரி. வங்காளத்துக்குக் கப்பலேறச் சொல்லிப் பெங்களூரிலிருந்து மதராசுக்கு வரச் சொன்னார்கள். ஸ்ரீபெரும்புதூர் வந்ததும் நின்றுவிட்டார்கள்: 1837-க்கு முன்பிருந்த சம்பளம், பத்தா (படிப்பணம்), ஓய்வூதிய விகிதத்தைத் திருப்பித் தந்தால்தான் அடுத்த அடி. அரசு இறங்கி வந்தது. அடுத்த நிறுத்தம் பூந்தமல்லி. அங்கே, நம் நாட்டவர் மேல் சண்டைக்குப் போக மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். குதிரையையும் ஆயுதத்தையும் பிடுங்கிக்கொண்டு ஆற்காட்டுக்கு நடத்திப்போய்க் கலைத்துவிட்டார்கள். குதிரைகளை மட்டும் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

குதிரையைப் பிடுங்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வடக்கே பெரும்பாலும் சில்லாதார் முறை: குதிரை, சேணம் எல்லாம் குதிரை வீரனின் சொந்தச் சொத்து, சம்பளம் கூடுதல், பராமரிப்பு அவன் தலையில். மதராஸ் ரெஜிமென்ட்களில் குதிரை, சேணம், ஆயுதம் எல்லாம் அரசுடையது. 1903-க்குப் பிறகும் இந்தியக் குதிரைப்படை முழுவதிலும் அப்படி இருந்தவை 26, 27, 28 மூன்றுதான். முதல் உலகப்போரில் குதிரைகள் ஆயிரக்கணக்கில் செத்தபோது, வீரனே மாற்றுக் குதிரை வாங்குவது நடக்கிற காரியமா? சில்லாதார் முறையைக் கைவிட்டு எல்லோரும் மதராஸ் வழிக்கே வந்தார்கள்.

பிந்தைய கதைக்கு இரண்டே வரி. 1923-ல் இந்திய அதிகாரிகளை நியமிக்கத் தேர்ந்த எட்டுப் பிரிவுகளில் குதிரைப்படை இரண்டு, அவை 7-ம் 16-ம், இரண்டுமே பழைய மதராஸ் ரெஜிமென்ட்கள். 1948 நவம்பர் 1 அன்று காஷ்மீரின் சோஜி லா கணவாயில் 3,500 மீட்டர் உயரத்துக்கு ஸ்டூவர்ட் டாங்கிகளை ஏற்றியது 7 கேவல்ரி, அந்தக் கழுதைப் பாதையை டாங்கி போகுமளவு அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையினர்.

உறைவாள்:

சின்னத் திருத்தங்கள். மலருக்குப் படம் வரைபவரிடம் சொல்லுங்கள்: மதராஸ் குதிரைப்படையின் சாம்பல் கலந்த வெளிர்நீலச் சட்டை 1806-க்குப் பிறகு வந்தது. வேலூர் காட்சியில் அதை வரைய வேண்டாம்.

பதவிப் பெயர்களிலும் கவனம். ரிசால்தார், தஃபேதார் எல்லாம் அப்போது சில்லாதார் படைகளின் வழக்கு. கம்பெனி காலத்து மதராஸ் ரெஜிமென்ட்களில் காலாட்படை போலவே சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக். ஆவணக் காப்பகத்தில் ரிசால்தார் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

வாள் பற்றி யாரும் சொல்லவில்லை. 1796-ல் வகுத்த மாதிரிப்படி செய்த வளைந்த வாள், அலகு சுமார் 33 அங்குலம், வெட்டுக்கென்றே செய்தது. நல்ல எஃகுதான், ஆனால் இரும்பு உறை. உருவும்போதும் செருகும்போதும் கூர் இரும்பில் உரசும், அணிவகுப்புக்கு அணிவகுப்பு மழுங்கும். பின்னாளில் மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய 15வது ஹுஸ்ஸார்ஸ் அதிகாரி லூயி நோலன், நிஜாமின் குதிரை வீரர்கள் ஒரே வீச்சில் கை கால்களைத் துண்டித்ததைக் கேள்விப்பட்டு, அது என்ன வாள் என்று விசாரித்தார். பிரிட்டிஷ் படை கழித்துப்போட்ட பழைய வாள்களேதான்! தீட்டி, மர உறையில் போட்டு, தேவையில்லாமல் உருவாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். படத்தில் உறையை இரும்பு நிறத்தில் தீட்டச் சொல்லுங்கள், பழுப்பு வேண்டாம்.